கை படாத வெள்ளிக்காசு

வெண்காரம் நெருப்பில் பொரியும்போது ஒரு மணம் வரும். மணம் என்பதுகூடச் சரியில்லை. மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் உப்பாக ஒரு கூச்சம். போன கிழமை கொழும்பில், வெள்ளவத்தையில், மனைவியின் தோட்டுக்குத் திருகாணி போட்டுத் தரும்வரை ஒரு நகைக்கடையின் பின்பக்கத்தில் காத்திருந்தபோது அது வந்தது. கதிரையை விட்டெழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன்.

"என்ன செய்யுது?" என்று பின்னாலேயே வந்து கேட்டாள் மனைவி.

"கோபம் வருது."

அவள் நகைக்கடைக்காரரை ஒரு தரமும் என்னை ஒரு தரமும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால், பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து அனுப்பிவைத்த ஒரு வாசகர் கடிதம். இந்தத் தொடரில் எங்கோ ஒரு வரியில், இளவயதில் நாணயம் சேர்த்தேன் என்று எழுதியிருந்தேனாம். "புழங்காத நிலையிலுள்ள பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்க்க எப்படித் தொடங்குவது?" என்று கேட்டிருந்தார். மரியாதையான கடிதம். கோணாத கையெழுத்து.

ஐயா, நான் எப்படித் தொடங்கினேன் என்று சொல்கிறேன். அப்படித் தொடங்காதீர்கள்.

பத்தரின் குறடு

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, தீவில் ஒரு சின்னத் தபாற் கந்தோரில் நான் எழுதுவினைஞன். தங்கச்சியின் பிள்ளைக்குத் தண்டை செய்விக்க வேண்டுமென்று, என்னுடைய சிறுவயது வெள்ளி அரைஞாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வேலணையில் ஒரு பத்தரிடம் போனேன்.

பத்தர் குறட்டால் ஒரு காசைப் பிடித்திருந்தார். கீழே வெண்காரம் பொரிய, வெள்ளி உருக்கும் மூசை சிவந்து கிடந்தது. காசுக்கும் மூசைக்கும் இடையில் ஒரு சாண்.

"பத்தர், பொறுங்கோ. உந்தக் காசை ஒருக்காக் காட்டுங்கோ."

வெள்ளைக்காரர் காலத்து ஐம்பது சதம். அந்தக் காசுகளை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். எல்லாம் தேய்ந்தவை. அரசனுக்கு மூக்கிராது, மீன்காரர் மடியிலும் சுருட்டுக்காரர் பெட்டியிலும் உருண்டு உருண்டு முகம் அழிந்துபோயிருக்கும். இது அப்படியில்லை. தாடியில் மயிர் மயிராகக் கோடு. பின்புறத்து மரத்தில் ஓலைகள் கீற்றுக் கீற்றாக நின்றன. காசைச் சற்றே சரித்தேன். வெளிச்சம் அதன்மேல் ஒரு முழுச் சுற்று நடந்து வந்தது.

அச்சடித்த நாளிலிருந்து ஒருவருடைய கையும் அதில் படவில்லை என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. எப்படிப் படாமலிருந்தது என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

"ஆற்றை காசு?"

"கரம்பொன் தங்கரத்தினத்தின்ர. நயினாதீவு அம்மனுக்கு நாக உரு செய்யக் குடுத்தவ. நேர்த்திக்கடன்."

"இதைப்போய் உருக்கப் போறியளோ?"

"இல்லை, பொரிக்கப் போறன்." பத்தர் சிரிக்காமல் சொன்னார். "தம்பி, அந்த அரசன் செத்து எத்தினையோ காலம். மூசைக்குள்ள போட்டால் ஆளுக்குச் சுடாது."

நான் என் அரைஞாணைப் பிரித்தேன். அதில் காசின் நிறைக்கு ஒரு துண்டை வெட்டிக்கொண்டு காசைத் தரும்படி கேட்டேன். பத்தர் துண்டைக் கல்லில் உரசிப் பார்த்தார்.

"உம்மட அரைஞாண் நல்ல வெள்ளி. காசில செம்புக் கலப்பு. மாத்தினால் அம்மனுக்குத்தான் லாபம்."

"அவவுக்குச் சொல்லுவியளோ?"

"நெருப்புக்குள்ள போனால் எல்லா வெள்ளியும் ஒரு சாதி. சொல்ல என்ன கிடக்கு?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் துப்ப முடியவில்லை. ஏனென்றால் தங்கரத்தினம் அக்காவை எனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு தரம் கந்தோரில் என் யன்னலுக்கு முன்னால் வந்து நிற்பவர். அந்த நேர்த்தி எதற்காக என்று பத்தரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கையொப்பங்கள்

அவருடைய கணவர் சிவலிங்கத்துக்குத் தெற்கே ஒரு மலையடி ஊரில் கடை. தீவாரின் கடைகள் எங்கேதான் இல்லை? எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அதை எரித்தார்கள். அகதிக் கப்பலில், உடுத்த சாரத்தோடு வந்திறங்கினார். அடுத்த வருஷம், கடைக் காணியாவது மிஞ்சியிருக்குமா என்று பார்த்துவரப் போனார். போனவர் அங்கே போய்ச் சேரவுமில்லை, வீட்டுக்குத் திரும்பவுமில்லை. இடையில் எங்கோ பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினார்கள் என்று ஒரு கதை. கதை மட்டுந்தான்.

அக்கா மாதந்தோறும் கடிதம் கொண்டு வருவார். பதிவுத் தபால். பொலிஸ், முகாம், அமைச்சு, ஆணைக்குழு என்று பெரிய பெரிய விலாசங்கள். நான் பதிவுத் துண்டு எழுதிக் கொடுப்பேன். இரண்டு கிழமையில் கிடைத்ததற்கான அட்டை திரும்பி வரும், ஒழுங்காகக் கையொப்பம் வைத்து. கடிதம் கிடைத்தது என்று ஒப்பமிட ஒரு ஆள் இருந்தான். ஆள் எங்கே என்று சொல்லத்தான் ஒருவனும் இல்லை.

எத்தனை அட்டைகளை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்திருப்பேன். அரசாங்கத்திடம் கேட்கவேண்டிய கேள்வியை அம்மனிடம் கொண்டுபோய்க் கேட்கவைத்த நாடு இது. அந்தக் கேள்விக்கு நடுவில் கையை நீட்டிக் காசைப் பொறுக்கி எடுத்தவன் நான்.

ஒழுங்கு விதிகள்

கொழும்பில் ஒரு சேகரிப்பாளரின் விலாசம் கிடைத்தது. கடிதப் பழக்கம். அவர் விதிகள் எழுதியனுப்பினார். காசின் விளிம்பில் மட்டும் பிடி. முகத்தில் விரல் வைக்காதே. அதற்குமேல் பேசாதே, எச்சில் தெறிக்கும். புளி போடாதே, திருநீறு போட்டுத் தேய்க்காதே. மனிதத் தோலின் ஈரம் வெள்ளிக்குப் பகை.

இந்தக் கடைசி வரியை நான் தனியாக ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியும் வைத்திருந்தேன். ஒருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கமராச் சுருள் வரும் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து அரசனைப் படுக்கவைத்தேன். ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். மற்றக் காசுகளும் சேரத் தொடங்கின, ஒன்றிரண்டாக. கந்தோரில் அந்தப் பின்புறத்து மரம் பனையா தென்னையா என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை. தபாலதிபர் வந்து பார்த்து, "தாளிப்பனை. இப்ப முத்திரையைக் குத்துங்கோ" என்று தீர்ப்புச் சொன்னார்.

இறுப்பிட்டியில் ஒரு கமக்காரர், தன் வீட்டுக் கதவு நிலைக்குக் கீழே, நிலை வைத்த நாளில் போட்ட புதுவெள்ளி கிடக்கிறது என்றார். என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வீட்டை இடிச்சால்தான் எடுக்கலாம் தம்பி. இடிக்கிறீரோ, இல்லாட்டி நான் இடிக்கட்டோ?"

பின்னால் வேறு ஆட்கள் வந்து இடித்தார்கள், ஆகாயத்திலிருந்து. காசுக்காகவும் இல்லை, ஒன்றுக்காகவும் இல்லை.

ஏழு வெற்றிலை

அரசனைப் பற்றிக் கொழும்புக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது: இப்படியொரு காசு தனியாகப் பிழைத்திருக்காது, அதே வீட்டில் அதே ஆண்டுக் காசுகள் இன்னும் இருக்கும், போய்க் கேள்.

போனேன். சைக்கிளில், சட்டைப் பையில் டப்பாவுடன்.

அக்கா விறாந்தையில் கதிரை போட்டார். தேத்தண்ணியும் பனங்கட்டியும் வந்தன. அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். தபாற்காரன் வீடு தேடி வந்தால் அந்த வீட்டில் மனம் எங்கே ஓடும்? கோப்பையை என்னிடம் தரும்போது அவருடைய கண் என் சட்டைப் பையிலேயே நின்றது. எனக்கு அதுவும் உறைக்கவில்லை.

பழங்காசு இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுக்கோ வந்தனீர்?" என்றார். மூச்சை விட்டார். பிறகு, என்ன நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு தகரப் பேணியைக் கொண்டுவந்தார். உள்ளே ஆறு காசுகள், காய்ந்த வெற்றிலைகளுக்கு நடுவில். ஆறும் புதுசு.

அந்த வீட்டு வழக்கத்தை அப்போதுதான் கேட்டேன். மாமனார் ஒரு வருஷப் பிறப்புக்கு, கைவிசேஷம் கொடுக்கவென்று வங்கியில் புத்தம்புதுக் காசு மாற்றி வந்தாராம். வீட்டில் ஏழு பேர், ஏழு காசு. அந்தக் குடும்பத்துக்கு ஒரு எண்ணம்: கைவிசேஷம் வீட்டை விட்டுப் போகக்கூடாது. சுபநேரத்தில் வெற்றிலைக்கு மேல் காசு, நெல், அறுகு வைத்துக் கொடுப்பார்கள். வாங்குபவரும் வெற்றிலையைத்தான் பிடிப்பார், காசைத் தொடமாட்டார். அடுத்தநாள் வெற்றிலையோடு பேணிக்குள் திரும்பச் சரித்துவிடுவார். அடுத்த வருஷம் அதே காசு, அதே ஆளுக்கு. வீட்டில் ஒருவர் செத்தால், வந்த மருமகளுக்கு அந்தப் பங்கு.

ஐம்பது அறுபது வருஷமாகக் கைமாறிக்கொண்டிருந்த காசுகள். ஒரு கையும் படாத காசுகள்.

"ஏழாவது?" என்றேன். கேட்கும்போதே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம் விடை இருந்ததல்லவா.

"அது என்ர பங்கு. கலியாணம் முடிச்ச வருஷம் துவக்கம் அவர்தான் தாறவர். அவர் போன பிறகு ஆர் தாறது? எடுத்து அம்மனுக்கு உருவாச் செய்து குடுத்திட்டன்."

நான் டப்பாவைத் திறந்தேன்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. நான் உருக்க விடேல்லை. காப்பாத்திப்போட்டன்."

பூதக்கண்ணாடியையும் நீட்டினேன். அதை அவர் வாங்கவில்லை. காசைப் பார்த்தார். தன் பங்கைத் தெரியாதா அவருக்கு?

"அப்ப நான் அம்மனுக்குக் குடுத்த நாகம் என்னத்தில செய்தது?"

சொன்னேன்.

"உம்மட அரைஞாண்கொடியிலயோ?"

"ஓம்."

"உம்மட அரைஞாண்கொடியைக் குடுத்து என்ர மனுசனைக் கேட்டிருக்கிறன்." குரல் உயரவில்லை. "ஒரு வருஷமாக் கேட்டுக்கொண்டு இருக்கிறன். அம்மன் எந்தப் பிள்ளையைத் தேடுறாவோ தெரியேல்லை."

"அக்கா, அது நல்ல வெள்ளி. இன்னும் ரண்டு பங்கு வெள்ளி வேணுமெண்டாலும்—"

"நிறையைச் சொல்லாதையும். இதை அவற்ற கையால வாங்கினனான். இதைத்தான் குடுக்கிறன் எண்டு சொன்னனான். இருந்த காசைக் குடுக்காமல் வேற குடுத்தால் அதுக்குப் பேர் என்ன?"

"தாங்கோ, நீங்களே வைச்சிருங்கோ" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. டப்பா என் கையிலேயே இருந்தது.

"உருவாச் செய்ய வேண்டாம்" என்றார். "எடுத்தனீர், நீரே கொண்டே அம்மனிட்டைக் குடும். காசாவே போடும். அவவுக்குத் தெரியும்."

"ஓம் அக்கா" என்றேன்.

கடல் எப்பிடி?

கரம்பொன்னிலிருந்து நயினாதீவு எவ்வளவு தூரம்? குறிகட்டுவான்வரை பஸ், பிறகு வள்ளம். காலையில் போனால் பின்னேரம் திரும்பலாம். நான் போகவில்லை.

முதல் மாதம் வேலை. அடுத்த மாதம் காற்று. பிறகு ஊரடங்கு, பிறகு வள்ளம் இல்லை, பிறகு இந்தியன் ஆமி வந்தது, பிறகு அது போனது. எல்லாம் உண்மையான காரணங்கள். இந்த நாட்டில் காரணங்களுக்கு எப்போதாவது பஞ்சம் இருந்ததா? ஒவ்வொன்றையும் நான் ஆசையோடு பொறுக்கிக்கொண்டேன். பின்னேரங்களில் டப்பாவைத் திறந்து அரசனைச் சரித்து, வெளிச்சம் சுற்றி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மாதந்தோறும் கடிதத்தோடு வந்தார். காசைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. முத்திரையை நனைத்து ஒட்டும்போது, யன்னலுக்குள் பாராமலே கேட்பார்:

"இண்டைக்குக் கடல் எப்பிடித் தம்பி?"

"காத்து அக்கா."

"ஓ. காத்து எண்டால் போக ஏலாதுதான்."

வெளியே புளியமரத்தில் ஒரு இலை ஆடாது.

அவர் தன் கடிதத்துக்குப் பதில் சொல்லாதவர்களின் பட்டியலில் என்னையும் சேர்த்துவிட்டார் என்று எனக்கு விளங்க மூன்று வருஷம் பிடித்தது. முகாமும் அமைச்சும் ஆணைக்குழுவும் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். கிடைத்தது என்று ஒப்பம் வைத்துவிட்டு, சும்மா இருந்தேன். அவர்களைத் திட்டி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன், இந்தப் பத்திரிகையிலும். என் பெயரை மட்டும் அந்தப் பட்டியலில் எழுதாமல் விட்டுவிட்டேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

கொடுத்தேனா?

கேட்பீர்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்தேன். தீவுப் பாதை திரும்பத் திறக்க எத்தனையோ வருஷமாயிற்று. திறந்த பிறகு முதல் போன வள்ளங்களில் ஒன்றில் போனேன். அம்மன் கோயில் உண்டியலுக்குள் காசு விழுந்தபோது மற்றச் சில்லறைகளின் மேல் ஒரு தரம் கணீரென்றது, அவ்வளவுதான். சிவலிங்கத்தாரைப் பற்றிய தகவல் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

அப்போது அது கை படாத காசு இல்லை. அரசனின் கன்னத்திலிருந்து முடிவரை ஒரு பெருவிரல் அடையாளம் கறுத்துப் பதிந்திருந்தது. ரேகை ரேகையாக. கொழும்புச் சேகரிப்பாளருக்கு அதைக் காட்டியிருந்தால் தொட்டும் பார்த்திருக்கமாட்டார்.

அந்த அடையாளம் விழுந்த கதைதான் மிச்சம்.

அராலிக் கரை

தொண்ணூறாம் ஆண்டு. ஊர்காவற்றுறையில் ஆமி இறங்கிவிட்டது என்றதும் தீவு முழுக்க ஒரே திசையில் ஓடியது. வள்ளம் வள்ளமாக அக்கரையில் அராலிக்கு. நான் மற்றக் காசுகளைக் கந்தோர் அலுமாரியில் விட்டுவிட்டு, அந்த ஒரு டப்பாவை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவன்.

காலை வெய்யில் ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலளவு சேற்றில் இறங்கிக் கரைக்கு வந்தபோது, வரம்பில் அக்கா நின்றார். தலையில் அரிசிப் பை. கக்கத்தில் ஒரு கொப்பி. அதற்குள் பதிவுத் தபால் துண்டுகள், என் கையெழுத்தில், வருஷக் கணக்காக. சேலை இடுப்புவரை சேறு.

என்னைக் கண்டார். கண்டதும் கேட்டார்:

"கடல் எப்பிடித் தம்பி?"

கடலுக்குள்ளிருந்து வந்து நிற்கிறேன்.

"பேணி?" என்று கேட்டேன்.

"அங்கையே கிடக்கு. அரிசியை எடுத்தனான், காசை விட்டிட்டன். ஆர் இருந்து வெத்திலையில ஏந்தப் போயினம்?"

டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்து, காசை விளிம்பில் பிடித்து நீட்டினேன். அந்தச் சேற்றிலும் என் விரல்கள் விதியை மறக்கவில்லை.

"அக்கா, இந்தாங்கோ. உங்கட காசு."

அரிசிப் பையை இறக்கிவைத்தார். கையை நீட்டினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து வெற்றிலையில் மட்டும் வாங்கிய அந்தக் காசை, முதல்முறையாக வெறுங்கையில் வாங்கினார். உள்ளங்கை முழுக்க வியர்வை, உப்பு, சேறு. சற்று நேரம் பொத்தி வைத்திருந்தார். பிறகு பெருவிரலை அரசனின் முகத்தில் வைத்து, கன்னத்திலிருந்து முடிவரை, அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார்.

என் கை தானாகத் தடுக்கப் பாய்ந்தது.

அக்கா அதைப் பார்த்தார். சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"நோகுதோ?"

பாய்ந்த கையை இழுத்துக்கொண்டேன். சண்டிலிப்பாய்ப் பக்கம் போகும் உழவு இயந்திரப் பெட்டியில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. "ஏறுறவை ஏறுங்கோ" என்று ஒருவர் கத்தினார். அக்கா அரிசிப் பையைத் தூக்கிப் பெட்டிக்குள் எறிந்தார், கொப்பியைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். ஏறுமுன் திரும்பி வந்து, காசை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினார்.

"இனி இது புழங்கின காசு, தம்பி. குடுக்கேக்கை உமக்கு நோகாது."